வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்: சேலம் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு ராணுவ அதிகாரி ஆக ஆசை. குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் ஸ்டாஃப் காலேஜில் சேர்க்க எப்படி விண்ணப்பிப்பது? (வாசகி, அஸ்தம்பட்டி)

அங்கே நேரடியாகச் சேர முடியாது. ஏற்கெனவே அதிகாரியாகிப் பல ஆண்டுகள் படையில் இருந்தவர்கள், பெரும்பாலும் மேஜர் அந்தஸ்தில் உள்ளவர்கள், படிக்கும் இடம் அது. உங்கள் மகள் இப்போது எழுத வேண்டியது யூபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை வரும். கணிதம் 300 மதிப்பெண், பொதுத்திறன் 600, அதில் தேறினால் எஸ்எஸ்பி (படை அதிகாரித் தேர்வு வாரியம்) நேர்காணல் 900. தரைப்படைக்கு பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் சரி. கடற்படை, விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். கலைப் பிரிவில் படித்துவிட்டு விமானப்படைக் கனவோடு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பட்டப்படிப்பு முடித்தபின் சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு எழுதி, சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகிற வழியும் உண்டு.

ஸ்டாஃப் காலேஜ் அதற்கெல்லாம் பிறகு. தரைப்படையில் அதற்கென்று தனிப் போட்டித் தேர்வே இருக்கிறது: போர்த்தந்திரம், நிர்வாகம், ராணுவச் சட்டம், போர் வரலாறு என்று பல தாள்கள். பெண் அதிகாரிகள் 2022-ல் முதன்முறையாக அதை எழுதி, ஆறு பேர் தேறினார்கள்.

கேள்வி: இந்தக் கல்லூரி சுதந்திரத்துக்குப் பிறகு தொடங்கியதா, வெள்ளைக்காரர் காலத்ததா? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

வெள்ளைக்காரர் காலத்தது. இங்கிலாந்தின் கேம்பர்லியில் இருந்த ஸ்டாஃப் காலேஜில் இந்தியப் படைக்குக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. தலைமைத் தளபதியாக இருந்த கிச்சனர் இங்கேயே ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 1905-ல் நாசிக் அருகே தேவ்லாலியில் தற்காலிகமாகத் தொடங்கினார். 1907-ல் அது குவெட்டாவுக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் தளபதிகளில் மாண்ட்கோமரி அங்கே ஆசிரியராக இருந்தார், ஸ்லிம் மாணவராக இருந்தார்.

அங்கே படித்த முதல் இந்தியர், பின்னாளில் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா, 1933-ல். கல்லூரி தொடங்கி 28 ஆண்டு கழித்து! முதல் உலகப்போரின் கடைசிக்கட்டம் வரை இந்தியர்களுக்கு முழு அதிகாரிப் பதவியே கிடையாது. 1919 வாக்கில் அந்தப் பதவி பெற்றவர்கள் ஸ்டாஃப் காலேஜுக்கான தகுதியை எட்ட அத்தனை காலம் பிடித்தது. இந்தியப் படையின் வரலாற்றில் இது வலிக்கிற பக்கம். பாடப்புத்தகங்களில் அவசியம் இடம்பெற வேண்டும்.

1947-ல் குவெட்டா வளாகம் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்த இந்திய அதிகாரி எஸ்.டி. வர்மா பொறுப்பில் வெலிங்டனில் கல்லூரியைப் புதிதாகத் தொடங்கினார்கள். 1948 ஏப்ரலில் முதல் வகுப்பு. அடுத்து முதல்வராக வந்தவர், பர்மாக் காடுகளில் பிரிட்டிஷ் சிண்டிட் படைக்குத் தலைமை தாங்கிய லென்டெய்ன். 1971 போரில் தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா படித்தது குவெட்டாவில். பின்னாளில் வெலிங்டன் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார்.

கேள்வி: நம்ம ஏற்காட்டுக்கு வந்திருக்கக் கூடாதா? (வாசகர், ஏற்காடு)

குளிர் இங்கேயும் உண்டு, ஆனால் படைக் குடியிருப்பு கிடையாது. சேர்வராயன் மலை காபித் தோட்டக்காரர்களின் ஊராகவே வளர்ந்தது. வெலிங்டனிலோ 1850-களிலேயே பெரிய படைக் குடியிருப்பு எழுந்துவிட்டது. பிரிவினை அவசரத்தில் கையில் தயாராக இருந்த கட்டடமும் குடியிருப்பும்தான் பெரிதாகப் பட்டிருக்கும்.

கேள்வி: துப்பாக்கி சுடத் தெரிந்தவர்களுக்கு அங்கே என்னதான் சொல்லித் தருவார்கள்? (வாசகர், ஓமலூர்)

யோசிக்கும் முறையை. தளபதி முடிவெடுக்கத் தேவையானதைத் தயாரித்துக் கொடுப்பதும், எடுத்த முடிவை உத்தரவாக மாற்றுவதும்தான் ஸ்டாஃப் அதிகாரியின் வேலை.

நம் மலையையே எடுத்துக்கொள்வோம். மழையில் ஏற்காடு மலைப்பாதையில், 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஓரிடத்தில் மண் சரிந்துவிட்டது. மேலே சிக்கிய 200 பேருக்கு மூன்று நாள் உணவும் குடிநீரும் போக வேண்டும். முதலில் நோக்கத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். பிறகு நிலம், நேரம், வாகனம் என்று ஒவ்வொரு காரணியையும் எழுதி, "அதனால் என்ன?" என்று கேட்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்றால் தண்ணீர் 1,800 லிட்டர். 1 கிலோ உணவு என்றால் 600 கிலோ. மொத்தம் 2.4 டன். அதனால் என்ன? எடையில் முக்கால் பங்கு தண்ணீர். மழைக்காலத்தில் மலையில் தண்ணீருக்கா பஞ்சம்? குளோரின் மாத்திரையும் வடிகட்டியும் அனுப்பினால் சுமை 600 கிலோ சொச்சமாகச் சுருங்கிவிடும். குப்பனூர், கொட்டச்சேடு வழி திறந்திருக்கிறது என்றால், அதனால் என்ன? இரு திசைப் போக்குவரத்தும் ஒரே பாதையில் நெருக்கும். காலையில் ஏற மட்டும், மதியத்துக்குமேல் இறங்க மட்டும் என்று நேரம் பிரிக்க வேண்டும்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. முடிவை முதலிலேயே மனசில் வைத்துக்கொண்டு காரணிகளை அதற்கேற்ப வளைப்பார்கள். "அதனால் என்ன?"வுக்குப் பதில் இல்லாத வரியை அடித்துவிடுவதுதான் மருந்து.

கடைசியாக உத்தரவு, ஐந்தே பத்தி: நிலைமை, பணி, செய்யும் முறை, நிர்வாகமும் பொருள் வழங்கலும், தலைமையும் தகவல் தொடர்பும். ஐந்தாவதை அவசரத்தில் ஒப்பேற்றிவிடுவார்கள். செல்போன் கோபுரம் விழுந்தால் யார், யாரிடம், எதில் பேசுவது என்று அதில் இல்லாவிட்டால் முதல் நான்கு பத்தியும் வீண்.

கேள்வி: உள்ளே போய்ப் பார்க்கலாமா? (வாசகி, சூரமங்கலம்)

அனுமதியின்றி விடமாட்டார்கள். ஊரைப் பார்க்கலாம். சேலத்தில் நள்ளிரவுக்குப் பின் வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய் மலை ரயில் ஏறுங்கள். குன்னூருக்கு அடுத்த நிலையம் வெலிங்டன். மலை ரயிலுக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், அதை முதலில் போட்டுவிட்டு மற்ற டிக்கெட்டைப் பாருங்கள்.