நான்காவது மாத்திரை

அன்புள்ள அண்ணாச்சி,

என் அம்மை அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்து ஓய்ந்தவள். போன வருடம் இடது விலாவில் அக்கி வந்தது. அக்கி எழுதினோம், புண் ஆறிவிட்டது. கடுப்பு மட்டும் போகவில்லை. ஜம்பர் (ரவிக்கை) துணி பட்டாலே எரிகிறது என்று துடிக்கிறாள். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் என்று மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. இப்போது நான்காவது மாத்திரை. நெட்டில் தேடினால் ஒன்று வலிப்பு நோய்க்கு, இன்னொன்று மனச்சோர்வுக்கு என்று வருகிறது. அம்மையை வைத்துச் சோதனை செய்கிறார்களோ? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வர்ம ஆசானிடம் போகலாம் என்கிறார் மாமா. நீங்களும் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்., திருவட்டாறு

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டர் இல்லை. முக நரம்பு வலிக்காக வருடக்கணக்கில் மாத்திரை தின்கிறவன், அவ்வளவுதான். ஆடி மாதம் பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வேன். அங்கே காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று முகத்தில் பட்டால் போதும், தாடையில் மின்சாரம் வெட்டும். அதனால் ஜம்பர் துணி விஷயம் எனக்குப் புரிகிறது. எனக்குக் கொடுத்ததும் வலிப்பு மாத்திரைதான், கார்பமாசெபின். முதலில் தலைசுற்றலைத்தான் தந்தது.

சோதனையா என்றால், ஒருவகையில் ஆமாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்கிக்கும் சின்னம்மைக்கும் ஒரே வைரஸ். சின்ன வயதில் வந்தது நரம்பின் வேரில் பதுங்கியிருந்து, வயதான பிறகு ஒரு நரம்பு வழியாகக் கிளம்பி வருகிறது. புண் ஆறினாலும் அடிபட்ட நரம்பு காரணமே இல்லாமல் வலிச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் வீக்கத்துக்கு உள்ளவை, இதற்குப் பெரிதாக எடுபடாது. நாள்பட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். வலிப்புக்கும் கொடுக்கிற ப்ரீகாபாலினும் காபாபென்டினும் நரம்பு அனுப்புகிற சேதியைக் குறைக்கின்றன. மனச்சோர்வுக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்றவை மூளையிலிருந்து இறங்கி வந்து வலியை அமர்த்துகிற பாதைக்கு வலுவூட்டுகின்றன. மனச்சோர்வுக்கு வழக்கமாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகிற அமிட்ரிப்டிலினை, வலிக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். அம்மைக்கு மனநோய் என்று யாரும் முடிவு கட்டவில்லை.

இதில் எது யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே காட்ட ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தின்று பார்த்துத்தான் தெரிய வேண்டும். ஆனால் நாலு மாத்திரையையும் ஒழுங்காகத் தின்று பார்த்தீர்களா என்பதுதான் என் சந்தேகம். நாலு நாளில் கேட்கவில்லை என்றால் நம் ஊரில் டாக்டரை மாற்றிவிடுவோம். இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சில வாரம் போன பிறகுதான் பலன் தெரியும். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், கால் வீக்கம் எல்லாம் அதற்கு முன்னமே வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், இன்று ராத்திரியே வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை எல்லாம் கட்டிலில் பரப்புங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. நாகர்கோவில் அட்டையிலும் திருவனந்தபுரம் அட்டையிலும் ஒரே ப்ரீகாபாலின் இருக்கலாம். ப்ரீகாபாலினோடு நார்ட்ரிப்டிலின் சேர்த்த மாத்திரையும் இங்கே சாதாரணமாக எழுதுகிறார்கள். அது அமிட்ரிப்டிலினின் உடன்பிறப்பு. தெரியாமல் இரட்டிப்பாகத் தின்றால், ராத்திரி எழும்பி நடக்கிற அம்மை தடுமாறி விழுந்துவிடக் கூடும். டிரமடால் என்கிற கடுமையான வலி மாத்திரை இருந்தால் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான். 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்த மருந்து, மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். கண் அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு ஏதாவது அம்மைக்கு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்று டாக்டர் வேண்டாம், ஒருவர் போதும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையானாலும் சரி. ஒரு நோட்டுப் போடுங்கள். "கேக்குதா?" என்றால் அம்மை "ஒண்ணும் கேக்கல மக்கா" என்றுதான் சொல்லுவாள். ராத்திரி எத்தனை தடவை எழும்பினாள், ஜம்பரை எவ்வளவு நேரம் போட்டிருந்தாள், கிணற்றடி வரை நடந்தாளா, இவற்றை எழுதுங்கள். வலி பாதியாகக் குறைந்தாலே வைத்தியத்தில் அதை நல்ல பலனாக எடுத்துக்கொள்கிறார்கள். முழுசாகப் போக வேண்டும் என்று நின்றால் கேட்கிற மாத்திரையையும் கேட்காத கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

ஆசான் விஷயம். சுளுக்கு, பிடிப்புக்கு நம் ஆசான்மாரின் கைப்பழக்கம் மேல் எனக்கு மதிப்பு உண்டு. துணி பட்டாலே துடிக்கிற இடத்தில் தைலம் போட்டுத் தடவினால் எப்படித் தாங்குவாள்? நல்ல ஆசான் என்றால் அவரே கை வைக்க யோசிப்பார். பெயர் எழுதாத பொடி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. அங்கே போவதானாலும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டுப் போக வேண்டாம். ப்ரீகாபாலினைத் திடீரென்று விட்டால் தூக்கம் போகும், படபடப்பும் வியர்வையும் வரும். அமிட்ரிப்டிலினும் அப்படித்தான். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாமாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.