பி.எட் நூலகத்தில் கற்பித்தல் பொருள்களுக்கு ஒரு பிரிவு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரூர் பக்கம் ஒரு பி.எட் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன் ஐயா. கல்வி உளவியல், கல்வித் தத்துவம் என்று அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் டீச்சிங் பிராக்டிஸ், அதாவது பள்ளிக்குப் போய் வகுப்பு எடுத்துப் பழகும் காலம், நெருங்கினால் பிள்ளைகள் கேட்பது வேறு: ‘ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இருக்கா மேடம், பின்னம் நடத்த ஏதாவது இருக்கா?’ என்னிடம் இல்லை. பழைய சார்ட்டுகள் குவிந்து கிடக்கும் ஓர் அறையை இதற்கென்று ஒதுக்கித் தருவதாக முதல்வர் சொல்கிறார். பணம் அதிகம் கிடைக்காது. எதை வாங்குவது, எப்படிப் பதிவது, தொலைந்தால் யார் பொறுப்பு?

பதில்: முதல்வர் மனம் மாறுவதற்குள் அந்த அறையின் சாவியை வாங்கிவிடுங்கள் அம்மா. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட் கல்லூரிக்கு நூலகத்தோடு ‘கரிகுலம் லேபரட்டரி’ (பாடங்களுக்கான கற்பித்தல் பொருள்களை வைக்கும் அறை) ஒன்றையும் கேட்கின்றன. பல இடங்களில் அது ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் திறக்கிற பீரோவாகவே இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள்: இந்த அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் வகுப்பறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். வெளியே கொடுக்கப் பயப்படுகிற அளவுக்கு விலையுயர்ந்த எதையும் முதல் ஆண்டில் வாங்காதீர்கள்.

முதல் செலவு பள்ளிப் பாடநூல்களுக்கு. சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பயிற்சி மாணவி ஒருவரின் வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ‘பக்கம் 34 எடுங்க’ என்றார். பிள்ளைகள் புரட்டினார்கள், அங்கே வேறு பாடம். அவர் கையில் இருந்தது அவருடைய அண்ணன் படித்த பழைய புத்தகம். லெசன் பிளான் முழுவதையும் அதை வைத்தே எழுதியிருந்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018-19 முதல் புதிதாக வந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. புதுப் புத்தகம் கைக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கண்ணில் நீர் முட்ட நின்ற அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை. நூலகத்தில் ஒரு பிரதி இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

பாடநூல் கழகத்தின் தளத்தில் பி.டி.எஃப் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தாலும் அச்சுப் புத்தகம் வேண்டும். பயிற்சி ஆசிரியர் கையில் புத்தகத்தோடுதான் வகுப்பில் நிற்கிறார், போனோடு இல்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளைப் பெரும்பாலான பள்ளிகள் பயிற்சி ஆசிரியர்களிடம் விடுவதில்லை. அதனால் 50 பேர் கொண்ட ஒரு யூனிட்டுக்கு ஆறு முதல் ஒன்பது வரை பாடத்துக்கு நான்கு தமிழ் வழி, இரண்டு ஆங்கில வழி என்று வாங்கலாம். மேல் வகுப்புகளுக்கு ஒவ்வொன்று போதும். ஆறு, ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் பருவம் வாரியாக வருகின்றன என்பதில் கவனம் வையுங்கள். பயிற்சி செப்டம்பரில் தொடங்கி அக்டோபருக்குள் நீண்டால் முதல் பருவப் புத்தகம் பாதியில் உதவாமல் போகும். பிள்ளைகள் போகப்போகும் பள்ளிகளுக்கு ஒரு போன் போட்டு, அந்த மாதத்தில் எந்தப் பாடம் ஓடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்திலுள்ள கியூஆர் கோடுகளின் காணொளிகளில் தேவையானவற்றை முடிந்தவரை ஒரு பழைய டேப்லெட்டில் இறக்கி வையுங்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி பக்கமெல்லாம் சிக்னலை நம்பி வகுப்பு எடுக்க முடியாது.

எண்ணும் எழுத்தும் புத்தகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுக்கொடுக்க 2022-இல் வந்த திட்டம்தான், பி.எட்டுக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையின் முன்னால் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது, கையில் பிடித்துக் காட்டும் பொருள். பெரிய கிட்டுகளை விற்க ஆள்கள் வருவார்கள், கொஞ்சம் பொறுங்கள். ஒரு மஞ்சப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளத்துக்கு நறுக்கிய 100 ஈர்க்குச்சி, பத்துப் பத்தாகக் கட்ட 10 ரப்பர் பேண்ட், ஒன்று, பத்து, நூறு என்று மூன்று கட்டம் தைத்த ஒரு துணி. 52-இல் 27-ஐக் கழிக்க ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று நாம் காலம் காலமாகச் சொல்லிவருகிறோம். ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினால் பத்துக் குச்சியும் ஒன்றுகளின் கட்டத்தில் சரிந்து விழும். ஐந்து கட்டு நான்காகும், இரண்டு குச்சி பன்னிரண்டாகும். கடன் என்ற சொல்லே தேவைப்படாது. முழுக்களுக்கு இரண்டு நிறச் சட்டைப் பொத்தான்கள் போதும்: சிவப்பு கூட்டல் ஒன்று, நீலம் கழித்தல் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பூச்சியம். பின்னத்துக்குப் பழைய காலண்டர் அட்டையை ஒரே நீளப் பட்டைகளாக வெட்டி, பாதி, மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று பிரித்தால் சரி. இப்படிப் பத்துத் தலைப்புக்குப் பத்துப் பைகள் செய்துவிட்டால் உங்கள் பிரிவு பாதி தயார்.

பதிவில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். குச்சிக்குக் குச்சி எண் போடாதீர்கள். பைக்கு ஒரே பதிவெண், ஒரே விலை. உள்ளே என்ன, எத்தனை என்று ஓர் அட்டையில் எழுதி, எல்லாவற்றையும் பரப்பி எடுத்த ஒரு படத்தோடு பையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். பை திரும்பி வரும்போது எண்ணிக்கொண்டிருக்க நேரமிருக்காது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, முழுப் பையின் எடையை அட்டையிலேயே குறித்துவைத்தால், வந்ததும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரப்பர் பேண்ட், மார்க்கர் போன்றவற்றைச் செலவாகும் பொருள்களின் கணக்கில் எழுதுங்கள், நூல் பதிவேட்டில் வேண்டாம்.

அடுக்குவதற்கு டூவி எண்ணை (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நூலகத்தின் மற்ற புத்தகங்களுக்கு அது நல்லது. இங்கே வரும் பிள்ளை ‘ஏழாம் வகுப்பு, அறிவியல்’ என்றுதான் கேட்கும். வகுப்புக்கு ஒரு தட்டு, பாடத்துக்கு ஒரு நிறப் பட்டை. பாடநூலும் அந்தப் பாடத்துக்கான பையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘கிட்’ என்று தனிப் பொருள் வகை ஒன்றை உருவாக்கி அதற்கென்று கடன் காலம் வைக்கலாம். இரண்டு ஆண்டு பி.எட்டில் பள்ளிப் பயிற்சி 16 வாரம் வரை போகிறது. 14 நாளில் திருப்பிக் கொடு என்றால் மாணவர் எடுக்கவே மாட்டார். பாடநூலைப் பயிற்சிக் காலம் முழுவதற்கும், பையை ஒரு வாரத்துக்கும் கொடுங்கள். பைகளுக்கு முன்பதிவு நோட்டு ஒன்று அவசியம்.

தொலைந்தால்? இந்தப் பயம்தான் நல்ல நூலகர்களையும் பூட்டுப் போட வைக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215 இருக்கிறது. ஓராண்டில் புழங்கிய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, அதில் கவனக்குறைவோ நேர்மைக் குறைவோ இல்லாதவரை, ஏற்கத்தக்க இழப்பாக அது எடுத்துக்கொள்கிறது. 1,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். உங்கள் கல்லூரியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதையே முன்மாதிரியாக வைத்து நூலகக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு, முதல்வரின் கையெழுத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். அப்புறம் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

இனி அந்தச் சார்ட் குவியல். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிரியுங்கள். ஒன்பது கோள்கள் காட்டும் சார்ட், கிருஷ்ணகிரி இன்னும் தருமபுரிக்குள்ளேயே இருக்கும் வரைபடம், 32 மாவட்டம் என்று எழுதிய பட்டியல் எல்லாம் வெளியே. புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது 2006, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004, இன்றைக்கு மாவட்டங்கள் 38. தப்பான சார்ட் அலமாரியில் இருந்தால் யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகத்தான் செய்வார். மைதாப் பசையில் ஒட்டியவை பூச்சிக்கு விருந்து, அவற்றையும் கழியுங்கள். மிஞ்சியதைச் சுருட்டி வைக்காமல் கிளிப் ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

நம் மண்ணின் பொருளுக்கு ஒரு தட்டு தனியாக வையுங்கள், இது என் ஆசையும்கூட. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் முழுக்க நடுகற்கள் நிற்கின்றன. அதே மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகள் (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச் சின்னங்கள்) இருக்கின்றன. பிள்ளைகளையே அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேலையோ ஆளையோ நிறுத்தி எடுத்து, ஏ3 தாளில் அச்சிட்டு, எந்த வகுப்பின் எந்தப் பாடத்துக்கு என்று பின்னால் எழுதி வையுங்கள். தன் ஊர் வயலில் நிற்கும் கல்லைப் படத்தில் பார்க்கும் பிள்ளை கேட்கிற கேள்விகளை எந்தச் சார்ட்டும் வரவழைக்காது.

உங்கள் மாணவர்களில் சிலராவது ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வேலைக்குப் போவார்கள். அங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் பிள்ளைகள் ஏராளம். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்த பிறகு அவர்களும் பள்ளியில் தமிழைப் பாடமாகப் படிக்கிறார்கள். வீட்டு மொழி தமிழ் என்று நினைத்து எழுதிய லெசன் பிளான் அந்த வகுப்பில் நிற்காது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை பல மொழிகளில் கிடைக்கும். திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுக் கொடுப்பதில் தடையில்லை. ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட்டு ஒன்றாகத் தைத்துவிடுங்கள். பிள்ளை முதலில் தன் மொழியில் கதையைப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு தமிழில் வாசிக்கும்.

பைகள் திரும்பி வரத் தொடங்கியதும் ஒரு வேலை இருக்கிறது. கொண்டுவரும் மாணவரிடம் அபராதம், தேதி பேசுவதற்கு முன் ‘வகுப்பில் எது சரிப்படல?’ என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் கையாலேயே பையின் அட்டையில் எழுத வாங்குங்கள். நான் பார்த்த ஒரு குச்சிப் பையில் இப்படி எழுதியிருந்தது: ‘42 பேருக்கு ஒரு பை போதாது. பின் வரிசைக்குக் குச்சியே தெரியல. குறைஞ்சது ஆறு பை வேணும்.’ அடுத்த பயிற்சிக்கு முன் அந்த நூலகர் இன்னும் ஐந்து பை தைத்துவிட்டார்.