பத்தரை மணிச் சாப்பாடு

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, எடை 86 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். நர்ஸ், சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, மாதாமாதம் எடை பார்க்க வரச் சொன்னார். ஒருமுறை போனார், அப்புறம் விட்டுவிட்டார். நான் கடையைப் பூட்டிவிட்டு வர இரவு பத்தரை ஆகும். அதுவரை காத்திருந்து என்னோடுதான் சாப்பிடுவார், அவ்வளவு பாசம். வாயைக் கட்டத்தான் தெரியவில்லை. எப்படிப் புரியவைப்பது?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, அம்மாவுக்குப் புரியவைப்பது இருக்கட்டும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் பத்தரை வரை பசியை எப்படித் தாங்குவார்? டீயும் பிஸ்கட்டும், கொஞ்சம் மிக்சர், பேரப்பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை. அதற்கு மேல் உங்களோடு ஒரு முழுச் சாப்பாடு, கையோடு படுக்கை. இதற்குத்தான் வாயைக் கட்டவில்லை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்த நோட்டை ஒருநாளாவது பிரித்துப் பார்த்தீர்களா?

பெற்றவள் பட்டினி கிடந்து காத்திருப்பதைப் பாசம் என்று ரசிக்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிப்பதில்லை. கடை நடத்தத் தெரிந்தவருக்குச் சோறு போட்டுக்கொள்ளத் தெரியாதா? நாளையிலிருந்து அம்மா ஏழரைக்குச் சாப்பிட்டாக வேண்டும். சொன்னால் கேட்கமாட்டார். தினமும் அந்த நேரத்துக்குக் கடையிலிருந்து போன் போட்டு, "சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

இது சாதாரண விசாரிப்பு இல்லை. சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், இப்படி எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்குச் சாப்பாடும் நடையும் பற்றி ஆலோசனை சொல்லி, இடையிடையே போனில் விசாரித்து வந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுப்படி, மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோயில் விழுகிற அபாயம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை. அதனால் எடை முள் நகரவில்லை என்று அம்மாவைத் திட்டாதீர்கள். ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ இறங்கினாலே அவருக்கு நல்ல பலன். அரை மணி நேரம் நடக்க வேண்டும், சரி. அந்த நேரத்தில் பேரப்பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்தமுறை எடை பார்க்க நீங்களும் கூடப் போங்கள், கடையை அன்று தாமதமாகத் திறக்கலாம். பத்தரை மணி விஷயத்தை அவர் நர்ஸிடம் சொல்லமாட்டார், பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைப்பார். நீங்களே சொல்லுங்கள்.