குளிர்காலத்தில் வீட்டுக்குள் சக்குலண்ட் செடிகள் நீண்டு வெளிறிச் சாய்கின்றன, தண்ணீர் போதவில்லையா?

டொராண்டோவில் அடுக்குமாடி வீடு, கோடை முழுக்கப் பால்கனியில் கொழுகொழுவென்று இருந்த எச்செவேரியாவும் ஜேடும் (இரண்டும் தடித்த இலையில் தண்ணீரைச் சேமிக்கும் சக்குலண்ட் வகைகள்) அக்டோபரில் உள்ளே வந்ததிலிருந்து இப்படி ஆகிவிட்டன, இலையும் கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் போதாமல் இல்லை, அநேகமாக அதிகம். நானும் இதே ஊரில் தெற்கு பார்த்த ஒரு ஜன்னலை நம்பிப் பல வருஷமாக இவற்றை வளர்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்தச் செடிகளைக் கெடுப்பது வெளியே இருக்கும் குளிர் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் சூடு. ஹீட்டர் போட்டு வீடு 21 டிகிரியில் இருக்கிறது, நாமும் பழக்கத்தில் வாராவாரம் தண்ணீர் ஊற்றுகிறோம், செடி இன்னும் வளரும் பருவம்தான் என்று வளரப் பார்க்கிறது. ஆனால் வெளிச்சம் இல்லை. இங்கே ஜூன் மாதத்தில் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல், டிசம்பர் கடைசியில் ஒன்பது மணி நேரம்கூட முழுதாகக் கிடையாது. ஜூனில் உச்சி நேரத்தில் கிட்டத்தட்ட 70 டிகிரி உயரத்தில் நிற்கும் சூரியன் டிசம்பரில் 23 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அதுவும் மேகம் விலகும் நாளில்தான். வெளிச்சம், சூடு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து ஏற வேண்டும், சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி மற்ற இரண்டும் அப்படியே நின்றால் நீங்கள் பார்ப்பதுதான் நடக்கும்.

எச்செவேரியாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரோஜாப்பூ மாதிரி நெருக்கமாக அடுக்கியிருந்த இலைகளுக்கு நடுவே தண்டு தெரிய ஆரம்பித்திருக்கும், அடி இலைகள் கீழ்நோக்கி வளைந்திருக்கும், கொண்டை ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். இவை மூன்றும் வெளிச்சம் போதவில்லை என்பதற்கான அடையாளம். அதற்குத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் வேகமாக நீளுமே தவிர வேறு பலன் இல்லை.

ஆக வழி இரண்டு. வீட்டில் 10, 12 டிகிரியில் இருக்கும் வெளிச்சமான அறையோ மூடிய வராந்தாவோ இருந்தால் செடிகளை அங்கே வைத்துத் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடலாம், அவை மார்ச் வரை தூங்கும். அடுக்குமாடியில் அதற்கு வழியில்லை, அதனால் விளக்குதான். ஊதா நிறத்தில் விற்கும் விசேஷ விளக்கு வேண்டியதில்லை, பெட்டியில் 4000 முதல் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்டிருக்கும் நல்ல வெளிச்சமுள்ள வெள்ளை எல்இடி போதும். செடிக்கு மேலே ஒரு ஜாணிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும், கூரையில் எரியும் விளக்கு கணக்கில் சேராது. ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம், கையால் போட்டு அணைத்துக்கொண்டிருக்காமல் ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். புதிதாக வரும் இலை நெருக்கமாக வந்தால் உயரம் சரி, உச்சி இலை வெளுத்தால் விளக்கைக் கொஞ்சம் தூக்குங்கள். ஜன்னலே போதுமா என்று பார்க்க வேண்டுமானால் மத்தியானம் செடிக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள், நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம், நிழலே மங்கலாக இருந்தால் போதாது.

இப்போது தண்ணீர். இந்தச் செடிகள் பெரும்பாலும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை இழுக்கும், இழுத்ததை அமிலமாகச் சேர்த்து வைத்து மறுநாள் வெயிலில் சமைத்துக்கொள்ளும். அதனால் இவை இழக்கும் தண்ணீர் மிகக் குறைவு, இலையிலேயே சேமிப்பும் இருக்கிறது. குளிர்காலத்தில் விளக்கு இல்லாத செடிக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும், விளக்கின் கீழ் இருப்பதற்கு இரண்டு வாரம். நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடி வரை செருகி எடுங்கள், ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றாதீர்கள். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியே வரும் வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஸ்பிரே அடிப்பது இந்தச் செடிகளுக்கு வேண்டவே வேண்டாம், கொண்டையில் தங்கும் நீர் அழுகலில் கொண்டுபோய் விடும்.

இலை கொட்டுகிறது என்றீர்களே, எப்படிக் கொட்டுகிறது என்பது முக்கியம். அடி இலை சுருங்கி, காய்ந்து, காகிதமாகி விழுந்தால் அது வழக்கமான விஷயம், கவலை வேண்டாம். மஞ்சளித்து, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ, தொட்டவுடனே கழன்று வந்தால் வேர் ஈரத்தில் இருக்கிறது. உடனே தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். கடையில் வாங்கும்போது இருந்த பீட் மண்ணிலேயே (ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கிய பாசி மண்) விட்டிருந்தால் மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருக்கும். பாதி மண், பாதி பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து, துளையுள்ள மண் தொட்டிக்கு மாற்றுவது நல்லது, ஆனால் வேர் நன்றாக இருக்கிற செடியை டிசம்பரில் மாற்றாதீர்கள், மார்ச் வரை பொறுக்கலாம். உரமும் அதுவரை வேண்டாம்.

ஜன்னல் பலகையில் வைத்திருந்தால் ஜனவரி இரவில் ஒரு தடவை கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். அறை சூடாக இருந்தாலும் திரைச்சீலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் காற்று வேறு உலகம், கண்ணாடியில் ஒட்டிய இலை அந்த இடத்திலேயே நீர்கோத்துக் கறுத்துவிடும். நாலு விரல் தள்ளி வையுங்கள், திரையை இழுத்தால் செடி அறைப் பக்கம் இருக்கட்டும்.

எல்லாச் செடிக்கும் ஒரே விதி இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். தென்னாப்பிரிக்க ஹவொர்த்தியா தன் ஊரிலேயே புதர் நிழலில் வளர்வது, விளக்கில்லாத ஜன்னலிலும் அழகாக இருக்கும். மருள் (பாம்புச் செடி, ஸ்நேக் பிளான்ட்) இன்னும் பொறுமைசாலி. கேனரித் தீவுகளின் ஏயோனியம் தலைகீழ், அது குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் தூங்கும், அதற்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். கூழாங்கல் போல இருக்கும் லித்தாப்ஸுக்கு நேர்மாறு: நடுவே பிளந்து புது இலை வரும்போது பழைய இலையில் இருக்கும் நீரைத்தான் அது குடிக்கும், பழையது காய்ந்து தோலாகும் வரை ஒரு சொட்டும் கூடாது. செம்பர்விவம் பால்கனியிலேயே இருக்கட்டும், அதற்குக் குளிர் தேவை. நம் ஒன்டாரியோ மாகாணத்திலேயே, தெற்குக் கோடியில் இருக்கும் பாயின்ட் பீலி பக்கம், நம் சப்பாத்திக்கள்ளியின் இனம் ஒன்று இயற்கையாக வளர்கிறது. குளிர் வரும்போது உடம்பிலிருக்கும் நீரைக் குறைத்துக்கொண்டு, சுருங்கித் தரையோடு படுத்து, பனிக்கடியில் கிடந்து வசந்தத்தில் எழும்பும். கள்ளி என்றாலே பாலைவனச் சூடு என்று நினைக்கிறோம், அப்படியில்லை. ஆனால் பிரண்டை வைத்திருந்தால் அது வெப்ப நாட்டுச் செடிதான், 10 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள், இலை கொட்டினாலும் கணுத்தண்டு பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. துவையலுக்கு ஒடிப்பதை மட்டும் மே வரை தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் மாவுப்பூச்சி. பால்கனியிலிருந்து ஒன்றிரண்டு கூடவே வந்து, உலர்ந்த சூடான அறையில் பெருகிவிடும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே பஞ்சு மாதிரி தெரிந்தால் அந்தத் தொட்டியைத் தனியாகத் தள்ளி வைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுங்கள், வாரம் ஒரு முறை, பூச்சி கண்ணில் படாமல் போன பிறகும் இன்னும் இரண்டு வாரம். மண்ணைச் சுற்றிச் சின்னக் கொசு மாதிரி பறந்தால் அதற்கு மருந்து தேட வேண்டாம், மண்ணைக் காயவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

நீண்டுபோன செடி பழையபடி குட்டையாகாது, வெளிச்சம் கொடுத்தாலும் புது வளர்ச்சிதான் சரியாக வரும். அதனால் மார்ச் கடைசியில் பகல் நீண்டதும் கொண்டையை இரண்டு விரல் தண்டோடு வெட்டி, வெட்டுவாய் காய நாலைந்து நாள் நிழலில் வைத்து, காய்ந்த கலவையில் நட்டு, வேர் எட்டிப் பார்த்தபின் தண்ணீர் விடுங்கள். அடித்தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் பக்கக் குட்டிகள் வரும். மே மாதம் விக்டோரியா தின விடுமுறையோடு வரும் நீண்ட வார இறுதிக்குப் பிறகு வெளியே வைக்கும்போது முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதற்கப்புறம் முழு வெயில்.