டபுள் மார்க்கரில் ‘அதிக ஆபத்து’ என்று வந்தால் குழந்தைக்குக் குறை உறுதியா?

கர்ப்பத்தின் 12-ஆவது வாரத்தில் எடுத்த டபுள் மார்க்கர் இரத்தச் சோதனையில் தங்கைக்கு ‘1:180, அதிக ஆபத்து’ என்று வந்திருப்பதாகக் கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உறுதி இல்லை. இதே முடிவு வந்த 180 கர்ப்பங்களில் ஏறத்தாழ ஒன்றில் டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிக் குரோமோசோம் குறைபாடு இருக்கலாம், மற்ற 179-இல் இராது என்பதே அந்த எண்ணின் பொருள்.

நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் பாப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. என்னும் இரண்டு புரதங்களை இச்சோதனை அளக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் முன்னது சராசரியாகப் பாதியளவுக்குக் குறைந்தும், பின்னது ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தும் காணப்படும்.

இங்கே வாரக்கணக்குதான் உயிர்நாடி. இயல்பான கர்ப்பத்திலும் இந்த வாரங்களில் பாப்-ஏ நாளுக்கு நாள் ஏறும், எச்.சி.ஜி. இறங்கும், ஆகவே ‘ஆடிப்பெருக்குக்கு முன்னே குளித்தேன்’ என்று நினைவிலிருந்து சொன்ன கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்து, உண்மையில் 11 வாரக் கருவை 12 வாரம் என்று பதிந்துவிட்டால், குறையில்லாத குழந்தைக்கும் ஆபத்து கூடுதலாகக் காட்டும். அறிக்கையிலுள்ள வாரம், ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரை அளந்த நீளத்திலிருந்து கணக்கிட்டதா என்று முதலில் பாருங்கள். தாயின் எடையையும் சரிபாருங்கள்.

தண்டுவடக் குறையை இச்சோதனை காட்டாது. அதற்கு 15-ஆவது வாரத்துக்குப் பின் ஏ.எஃப்.பி. என்ற வேறொரு புரதமும், விரிவான ஸ்கேனும் உள்ளன.

தாயின் இரத்தத்திலுள்ள டி.என்.ஏ.வை ஆராயும் என்.ஐ.பி.டி. இன்னும் துல்லியமானது, ஆனால் அதுவும் வடிகட்டும் சோதனையே. உறுதி செய்வது நஞ்சுக்கொடித் திசுச் சோதனையோ பனிக்குட நீர்ச் சோதனையோதான். அவற்றில் கருச்சிதைவுக்குச் சிறிய வாய்ப்பு உண்டு என்பதால், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கரு மருத்துவ நிபுணர் ஒருவரிடம் அறிக்கையுடன் தங்கையை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.