பிராட்பேண்ட் மாறினால் மின்னஞ்சல் முகவரியும் போய்விடுமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். இணைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் 17 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். வங்கி, காப்பீடு, மொத்த வியாபாரிகள் எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாற நினைக்கிறேன். பழைய முகவரி என்ன ஆகும்? இனி மாறவே மாறாத முகவரி கிடைக்குமா?

பதில்: போய்விடும். சில நிறுவனங்கள் கொஞ்ச நாள் விட்டுவைக்கும்; அதை நம்பி இருக்காதீர்கள். @ குறிக்குப் பின்னால் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் முகவரி சொந்தம். கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. வரி நோட்டீஸ்கூட மின்னஞ்சலில் வருகிற காலத்தில் இதைக் கேட்பார் இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு மட்டும் என்றால் ஜிமெயில் போன்ற இலவச முகவரி போதும். இரண்டு ஆண்டு திறக்காமல் போட்டுவைத்தால் கூகுள் அதை நீக்கிவிடலாம், அவ்வளவுதான். கடைக்கு, உங்கள் பெயரிலேயே ஒரு டொமைன், அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், பதிவு செய்யுங்கள். ‘டாட் இன்’ என்று முடியும் பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சம் ஆகும். முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். டொமைன் வெறும் பெயர்தான். கடிதங்கள் வந்து சேரும் பெட்டியைத் தனியாக எடுக்க வேண்டும். பெட்டி கொடுப்பவர் பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் போகலாம், முகவரி அப்படியே இருக்கும்.

இந்த வேலையை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். ‘வெப்சைட், மெயில் எல்லாம் சேர்த்து ஒரே தொகை’ என்று வருவார்கள். டொமைனைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்வார்கள். செம்பூரில் சமையல் காண்டிராக்டர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அவர் மேசையில் உட்கார்ந்து டொமைன் கணக்கைத் திறக்க, ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினேன். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஏஜென்டின் சட்டைப் பையில் மணி அடித்தது. ஓடிபி போனது அவருடைய கைப்பேசிக்கு! கடைப் பெயர் காண்டிராக்டருடையது, ஆறு ஆண்டாகப் பணம் கட்டியவரும் அவர்தான். திருப்பிக் கேட்டால் தனித் தொகை வேண்டுமாம். ஆகவே டொமைன் விற்கும் பதிவாளர் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே உட்கார்ந்து, உங்கள் பெயர், உங்கள் கைப்பேசி எண், உங்கள் வங்கி அட்டை கொண்டு பதிவு செய்யுங்கள். மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் அரைமணி நேர வேலை.

பிறகு எல்லா இடத்திலும் புது முகவரியைக் கொடுங்கள், ஒரே ஓர் இடத்தைத் தவிர. டொமைன் வாங்கிய கணக்கில் மட்டும் அந்தப் புது முகவரியைத் தொடர்பு முகவரியாகக் கொடுக்கக் கூடாது. பணம் கட்ட மறந்து டொமைன் காலாவதியானால் புது முகவரி செத்துவிடும். ‘பணம் கட்டுங்கள்’ என்ற நினைவூட்டலும் செத்த பெட்டிக்கே போகும், கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் அங்கேயே போகும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இந்தக் கணக்குக்கு ஜிமெயில் முகவரியையே கொடுங்கள். முடிந்தால் ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ சேர்த்துக் கட்டிவிடுங்கள். பத்துக்கு மேல் விட மாட்டார்கள்.

பழைய இணைப்பை உடனே துண்டிக்காதீர்கள். முதலில் பழைய கடிதங்களைக் கணினியில் இறக்குங்கள்; நீங்கள் அனுப்பியவையும் வந்தனவா என்று பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அடுத்து வங்கி, அதன் பிறகு காப்பீடு, வருமான வரி. காப்பீட்டு நினைவூட்டல் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், பழைய பெட்டியில் கடந்த ஒரு வருடத்தில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு பெயரையும் தாளில் எழுதி, முகவரி மாற்றியதும் அடித்துவிடுங்கள். தாளில் கடைசிப் பெயரும் அடிபட்ட பிறகு இணைப்பை நிறுத்தலாம்.