ஊடகப் பிரச்சாரம் வாக்காளரின் மனத்தை மாற்றுகிறதா?

வானொலியும் செய்தித்தாளும் நினைத்தால் மக்களின் வாக்கைத் திருப்பிவிட முடியும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளனவா என்று கேட்டிருக்கிறீர்கள். 1940இல் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் ஏறத்தாழ 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே முதல் நவம்பர் வரை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேள்வி கேட்டனர். ஒருமுறை மட்டும் கேட்டிருந்தால் யார் எப்போது மனம் மாறினார் என்பதே தெரிந்திருக்காது. இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி.

கிடைத்த விடை அவர்களையே வியக்க வைத்தது. கட்சி மாறியவர்கள் சிலரே. பெரும்பாலோர் ஏற்கெனவே தமக்கிருந்த சார்புக்கு ஏற்ற பேச்சையே தேடிக் கேட்டு, அதை இன்னும் உறுதிப்படுத்திக்கொண்டனர். தடுமாறியவர்களை அசைத்ததோ பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பேச்சு. உணவகப் பணிப்பெண் ஒருவர், செய்தித்தாளில் கொஞ்சம் படித்திருந்தாலும், வில்கி சரிப்படமாட்டார் என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டதே தம் மனத்தை மாற்றியது என்றார். ஊடகச் செய்தி முதலில் விவரமறிந்த சிலரை அடைந்து, அவர்கள் வழியாகவே மற்றவர்களிடம் செல்கிறது என்ற 'இருபடி ஓட்டம்' என்னும் கருத்து இவ்வாறுதான் பிறந்தது.

இதை வைத்து ஊடகத்துக்கு வலுவே இல்லை என்று சொல்வது அவசரம். தொலைக்காட்சி பரவாத காலத்து ஒற்றை மாவட்டம் அது; வாக்கு மாறுகிறதா என்பதைத்தான் முதன்மையாக அளந்தார்கள். மக்கள் எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறதா என்பது வேறு கேள்வி. அதை மெக்கோம்ப்ஸ், ஷா என்னும் ஊடக ஆய்வாளர்கள் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வட கரோலினா மாநிலத்தின் சாப்பல் ஹில் நகரில் ஆராய்ந்தனர்.